கூரை மேல ஏறினத யாரு இறக்கறது? (வாசகர் கேள்வி-பதில்)

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல நிறைய பேரு ஒரே விஷயத்த சுத்தி சுத்தி கேட்டுருக்கீங்க. பூமி சூடாகறத பத்தி பேசறதே கொறஞ்சுபோச்சே, தலைவருங்க எல்லாம் பேச்ச மாத்திக்கிட்டாங்களே, இனி சோலாரும் காத்தாலையும் என்ன ஆகும்னு. அதனால இந்த மாசம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், மத்த கேள்வி அனுப்பினவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு காலேஜ் மாணவர்: அண்ணா, பூமி சூடாகறத கட்டுப்படுத்த உலக நாடுங்க சேர்ந்து போட்ட பாரிஸ் ஒப்பந்தத்துல இருந்து அமெரிக்கா மறுபடியும் விலகிருச்சு. அவ்வளவு பெரிய நாடே கைய கழுவிட்டா மத்தவங்க எதுக்கு கஷ்டப்படணும்? ஜனங்களுக்கே இது அலுத்துப்போச்சா?

தம்பி, அந்த நாட்டுல மேல இருக்கறவங்க மனசு மாறறது இன்னிக்கு நேத்து கதை இல்ல. 1979ல ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகை கூரைல தண்ணி சூடாக்கறதுக்கு 32 சோலார் பேனல் வச்சாரு, 1986ல ரீகன் இருக்கறப்ப கூரை ரிப்பேருக்குனு கழட்டினாங்க, திரும்ப மாட்டவே இல்ல. பாரிஸ் ஒப்பந்தமும் அப்படித்தான், 2017 ஜூன்ல டிரம்ப் வெளிய போறோம்னாரு, 2021ல பைடன் பதவியேத்த அன்னிக்கே திரும்ப சேர கையெழுத்து போட்டாரு, 2025 ஜனவரி 20ஆம் தேதி டிரம்ப் மறுபடி பதவியேத்த அன்னிக்கே மறுபடி வெளிய போக கையெழுத்து. 2022ல பைடன் அரசு சோலாருக்கும் காத்தாலைக்கும் அள்ளி குடுத்த வரிச்சலுகைல பெரும்பகுதிய 2025 ஜூலைல வந்த சட்டம் வெட்டிருச்சு.

ஆனா கீழ என்ன நடக்குதுனும் பாக்கணும். டெக்சஸ் எண்ணெய்க்கு பேர்போன பூமி, அங்க 1999ல கவர்னரா இருந்த ஜார்ஜ் புஷ்தான் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 2000 மெகாவாட் வரணும்னு சட்டத்துல கையெழுத்து போட்டாரு. இன்னிக்கு காத்தாலை கரன்ட்ல அமெரிக்காவுலயே முதல் மாநிலம் டெக்சஸ்தான். அங்க மாட்டுப்பண்ணை வச்சிருக்கறவருக்கு நிலத்துல ஒரு காத்தாலை நின்னா வருஷா வருஷம் குத்தகை பணம் வருது, மழை பெய்யாத வருஷத்துலயும் வருது. அயோவான்னு மக்காச்சோளம் வெளையற மாநிலம், அவங்க தயாரிக்கற கரன்ட்ல பாதிக்கு மேல காத்துல இருந்து. ரெண்டுமே டிரம்ப் கட்சிக்கு ஓட்டு போடற மாநிலம். 2024 ஆகஸ்ட்ல அந்த கட்சி எம்.பி.ங்க 18 பேரு அந்த 2022 வரிச்சலுகைய ஒரேடியா ரத்து பண்ணாதீங்க, எங்க தொகுதில ஃபேக்டரி வந்துட்டு இருக்குனு சபாநாயகருக்கு லெட்டரே எழுதினாங்க. அப்புறம் 2025ல ஓட்டெடுப்பு வந்தப்ப அதுல பெரும்பாலானவங்க வெட்டற சட்டத்துக்குத்தான் கைய தூக்கினாங்க, அது எனக்கு நெஜமாவே வருத்தம். தொகுதிக்கு நல்லதுனு தெரிஞ்சும் கட்சி சொன்னா தலைய ஆட்டறாங்க. அதனால ஜனங்களுக்கு லாபம் வந்துட்டா தலைவருங்க தானா வழிக்கு வந்துருவாங்கனு நான் சொல்லல, ஆனா ஜனங்களுக்கு அலுத்துப்போச்சுனு சொல்றதுக்கு மட்டும் ஆதாரமே இல்ல தம்பி. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, கடைசி கேள்வில சொல்றேன்.

திருச்சில இருந்து ஒரு அம்மா: சார், என் மகன் அடிலெய்ட்ல இருக்கான். அந்த தெருவுல பாதி வீட்டு மேல சோலார் இருக்குனு சொல்றான். ஆனா அந்த நாட்டுல ஒரு தலைவரு நிலக்கரிய கையில வச்சுக்கிட்டு பார்லிமென்ட்ல பேசினாராமே, ரெண்டும் எப்படி ஒரே நாட்டுல நடக்குது?

அம்மா, இந்த விஷயத்த புரிஞ்சுக்கணும்னா ஆஸ்திரேலியாவ விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நீங்க சொல்றது 2017 பிப்ரவரில நடந்தது. அப்ப நிதியமைச்சரா இருந்த ஸ்காட் மாரிசன் ஒரு நிலக்கரி கட்டிய சபைக்குள்ள கொண்டு வந்து, இது நிலக்கரி, பயப்படாதீங்கனு எதிர்க்கட்சிக்காரங்கள பாத்து தூக்கி காட்டினாரு. ஏன் அப்ப காட்டினாருனா, 2016 செப்டம்பர் 28ஆம் தேதி உங்க மகன் இருக்கற தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துல பெரிய புயல் அடிச்சு ஹைடென்ஷன் டவருங்க சாஞ்சு மாநிலம் முழுக்க இருட்டாயிருச்சு. காத்தாலைய நம்பினதாலதான் இப்படி ஆச்சுனு நமக்கு டெல்லி மாதிரி அங்க தலைநகரா இருக்கற கான்பெராவுல பலரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. காத்தாலைங்களோட பாதுகாப்பு செட்டிங்ல குறை இருந்தது உண்மை, பின்னாடி அத சரி பண்ணாங்க, ஆனா டவர் சாஞ்சதுக்கு காத்தாலை என்ன பண்ணும்?

அந்த மாநில அரசு பின்வாங்கல. ஜேம்ஸ்டவுன் பக்கத்துல ஹார்ன்ஸ்டேல்ங்கற இடத்துல 100 மெகாவாட் பேட்டரி வைக்கலாம்னு முடிவு பண்ணாங்க, 100 நாள்ல முடிக்கலனா காசு வேணாம்னு டெஸ்லாவோட எலான் மஸ்க் சொன்னாரு, 2017 டிசம்பர்ல அது ஓட ஆரம்பிச்சிருச்சு. அப்ப உலகத்துலயே பெரிய பேட்டரி அதுதான். நிலக்கரி காட்டின அதே மாரிசன் இந்த பேட்டரிய ரோட்டோரமா சுற்றுலாக்காரங்களுக்கு நிக்க வச்சிருக்கற பெரிய வாழைப்பழ பொம்மையோட ஒப்பிட்டு பேசினாரு. ஆனா எங்கயாவது ஒரு பவர் ஸ்டேஷன் திடீர்னு விழுந்தா அந்த பேட்டரி ஒரு நொடிக்கும் கம்மியான நேரத்துல கரன்ட்ட குடுத்து தாங்கி பிடிச்சுச்சு. இன்னிக்கு அந்த மாநிலம் வருஷத்துக்கு தயாரிக்கற கரன்ட்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல காத்துலயும் வெயில்லயும் இருந்துதான், சில நாள் மதியத்துல வீட்டு கூரைங்கள்ல இருந்து வர்றதே மாநிலத்துக்கு போதுமானதா இருந்துருக்கு.

இப்ப ஜனங்க பக்கம் வாங்க. அந்த நாட்டுல ஏறக்குறைய மூணுக்கு ஒரு வீட்டுல சோலார் இருக்கு, மொத்தம் 40 லட்சத்த தாண்டிருச்சு. இவங்க எல்லாம் பசுமை கட்சிக்காரங்களா? கெடையவே கெடையாது, ரெண்டு பக்கம் ஓட்டு போடறவங்களும் இருக்காங்க, ஏசி ஓடற ஊரு, பில்லு தாங்கல, சப்சிடி குடுத்தாங்க, போட்டுட்டாங்க. ஆரம்பத்துல நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல கூரைல வர்ற கரன்ட்ட யூனிட்டுக்கு 60 சென்ட் குடுத்து வாங்கினாங்க, கூட்டம் அலைமோதுச்சு, அரசாங்கத்துக்கு கட்டுப்படியாகாம 2010 அக்டோபர்ல 20 சென்ட்டா இறக்கினாங்க. அப்பவும் நிக்கல, ஏன்னா அதுக்குள்ள பேனல் வெலை இறங்கிருச்சு.

தலைவருங்க மட்டும் இன்னும் ஊசலாடிட்டே இருக்காங்க. 2012ல கார்பனுக்கு வெலை வச்சாங்க, அதாவது புகை விடற பெரிய கம்பெனிங்க அதுக்கு காசு கட்டணும்னாங்க, 2014 ஜூலைல டோனி அபாட் அரசு அத ரத்து பண்ணுச்சு. 2019-20 கோடைல காடு மாசக்கணக்கா எரிஞ்சப்ப சிட்னில பகல்லயே வானம் ஆரஞ்சு கலர்ல இருந்துச்சு, குழந்தைங்கள வெளிய விட முடியல, பிரதமரா இருந்த மாரிசன் அப்ப ஹவாய்க்கு லீவுல போயிருந்தது தெரிஞ்சு மன்னிப்பு கேக்க வேண்டி வந்துச்சு. 2021 அக்டோபர்ல அதே மனுஷன் 2050க்குள்ள நெட் ஜீரோ, அதாவது வெளிய விடற கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சறதும் சமமாயிடும்னு அறிவிச்சாரு. 2022 தேர்தல்ல தோத்தாரு, அதுவும் அவரு கட்சி காலங்காலமா ஜெயிச்சுட்டு இருந்த பணக்கார தொகுதிங்கள்லயே சுயேச்சையா நின்ன பெண்கள் பருவநிலைய முன்னாடி வச்சு ஜெயிச்சாங்க. 2025 தேர்தல்லயும் அவரு கட்சி இருக்கற கூட்டணி படுதோல்வி, அப்படியிருந்தும் 2025 நவம்பர்ல நெட் ஜீரோவே வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா கவனிங்க அம்மா, கூரைல இருக்கறத கழட்டறோம்னு யாரும் சொல்லல, சொல்லவும் முடியாது, 40 லட்சம் வீட்டு ஓட்டு அது. 2025 ஜூலைல இருந்து வீட்டு பேட்டரிக்கும் மத்திய அரசு சலுகை குடுக்குது, ஏறக்குறைய 30 சதவீதம் வெலை கொறையுது. உங்க மகன் வாடகை வீட்டுல இருந்தா அவருக்கு இதுல ஒண்ணும் கெடைக்காது, அதுதான் இந்த மொத்த ஏற்பாட்டுல பெரிய குறை. சொந்த வீடு இருக்கறவனுக்கு பில்லு இறங்குது, வாடகைக்கு இருக்கறவனுக்கு அப்படியே இருக்குது.

தூத்துக்குடில இருந்து ஒரு வாசகர்: எந்த அரசாங்கமும் சொல்லாம ஜனங்களே மாறின நாடு ஏதாவது இருக்கா சார்?

பாகிஸ்தான். கரன்ட் பில்லு ஏறி ஏறி ஜனங்களால கட்ட முடியாம போச்சு, அதே நேரம் சீனாவுல பேனல் வெலை தரைமட்டத்துக்கு வந்துச்சு, 2024 ஒரே வருஷத்துல சுமார் 17,000 மெகாவாட் பேனல் இறக்குமதி ஆயிருக்கு. வீடு, மசூதி, ஃபேக்டரி, வயக்காட்டு மோட்டர்னு எல்லாத்து மேலயும் ஏறிருச்சு. அரசாங்கம் திகைச்சுபோய் 2025 பட்ஜெட்ல இறக்குமதி பேனலுக்கு 10 சதவீதம் வரி போட்டுச்சு. வசதி உள்ளவங்க ஈபிய விட்டு வெளிய போகப்போக, ஏற்கனவே கட்டி வச்ச பவர் ஸ்டேஷனுக்கான செலவு போக முடியாத ஏழைங்க தலைல விழுது, இத அந்த அரசாங்கம் இன்னும் தீர்க்கல.

கோவில்பட்டில இருந்து ஒரு வாசகர்: அண்ணாச்சி, நம்ம பக்கம் ஜனங்க மனசு எப்ப மாறுச்சு? நம்ம தலைவருங்க இதுல உண்மையாத்தான் இருக்காங்களா?

அண்ணாச்சி, நம்ம ஊர்ல இது ஆரம்பிச்சது சுற்றுச்சூழலுக்காக இல்லங்கறத ஒத்துக்கிட்டுத்தான் பேசணும். 1980கள் கடைசில தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுலயும் கயத்தாறுலயும் அரசு சோதனைக்கு காத்தாலை வச்சுச்சு, அப்புறம் 90கள்ல ஸ்பின்னிங் மில்லுக்காரங்க வந்தாங்க, வந்ததுக்கு காரணம் தேய்மானக் கழிவுனு, மெஷின் தேஞ்சு மதிப்பு கொறையறத கணக்கு காட்டி வரில கெடச்ச சலுகை, கூடவே ஈபி கரன்ட்ட நம்ப முடியாதுங்கற பயம். 2008ல இருந்து 2013 வரைக்கும் நாம பட்ட பாடு உங்களுக்கே தெரியும், சென்னைக்கு வெளிய ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல கரன்ட் போச்சு, பரீட்சைக்கு மெழுகுவர்த்தில படிச்ச பசங்க இன்னிக்கு வேலைக்கு போயிட்டாங்க. சொந்தமா காத்தாலை வச்சிருந்த மில்லுங்க ஓரளவுக்கு தாக்கு பிடிச்சுச்சு. காத்து சீசன்ல ஓட்டின கரன்ட்ட ஈபில வரவு வச்சு, பின்னாடி எடுத்துக்கற பேங்கிங் வசதிதான் அவங்கள காப்பாத்துச்சு, இன்னிக்கும் அந்த பேங்கிங்க எப்படி வைக்கறதுங்கறதுலதான் மின் வாரியத்துக்கும் அவங்களுக்கும் இழுபறி.

நாகர்கோவில் போற பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தா தெரியும், ஆனி ஆடில ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்து பஸ்ஸயே ஒரு பக்கமா தள்ளும், முப்பந்தல்ல ரோட்டோரமா 250 கிலோவாட் சைஸ் பழைய மெஷினுங்க சடசடனு சுத்திட்டு இருக்கும், தள்ளி நிக்கற ரெண்டு மெகாவாட் பெருசுங்க நிதானமா சுத்தும். நல்ல காத்து அடிக்கற இடம் முழுக்க அந்த சின்ன மெஷினுங்கதான் பிடிச்சு வச்சிருக்கு. அத எடுத்துட்டு பெருசா வைக்க 2024ல தமிழக அரசு கொள்கை கொண்டு வந்துருக்கு, நல்லது, ஆனா ரொம்ப லேட்டு.

தலைவருங்க பத்தி கேட்டீங்க. 2021 நவம்பர்ல கிளாஸ்கோல நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுல நம்ம பிரதமர் 2070ல நெட் ஜீரோ, 2030ல நிலக்கரி எண்ணெய் இல்லாம 500 கிகாவாட்னு அறிவிச்சாரு, அதே மாநாட்டு கடைசி நாள்ல நிலக்கரிய ஒழிக்கறதுனு இருந்தத குறைக்கறதுனு மாத்த வச்சதும் இந்தியாதான். ரெண்டுமே உண்மை. ஏழை நாட்டுக்கு கரன்ட் வேணுங்கற நியாயம் எனக்கு புரியுது, கிராமத்துல ஃபேன் சுத்தாத வீடு இருக்கறப்ப லண்டன்காரன் வந்து பாடம் எடுக்கறத ஏத்துக்க முடியாது. 2025 நடுவுல நாட்டோட மின் உற்பத்தி திறன்ல பாதி நிலக்கரி, எரிவாயு, டீசல் இல்லாததுனு ஆயிருச்சு, இந்த பாதிங்கறத 2030க்குள்ள எட்டணும்னு தனியா வச்ச இலக்கு (அந்த 500 கிகாவாட் இல்ல) அஞ்சு வருஷம் முன்னாடியே வந்துருச்சு. இத கேட்டு பாதி கரன்ட் பசுமைனு வாட்ஸ்அப்ல அனுப்பறாங்க, அது தப்பு. திறன்னா மெஷின் எவ்வளவு பெருசுங்கறது. உண்மைல ஓடி வர்ற யூனிட்ல நூத்துக்கு சுமார் எழுபது இன்னும் நிலக்கரிதான், ஏன்னா சோலார் ராத்திரி ஓடாது. நம்ம மாநிலத்துல பருவநிலை மாற்ற இயக்கம் தொடங்கினாங்க, வட சென்னைல 800 மெகாவாட் அனல் மின் நிலையத்தையும் 2024 மார்ச்ல திறந்தாங்க, உடன்குடில கட்டறதும் நிலக்கரிக்குத்தான்.

என் கோவம் என்னன்னா, 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு ஆளுங்க மாட்டிக்கிட்டு, நம்ம மாவட்டமே தண்ணில நின்னுச்சு. அடுத்து வந்த தேர்தல்ல ஓட்டு கேட்டு வந்தவங்ககிட்ட நிவாரண பணம் பத்தி கேட்டோம், அடுத்த தடவ இப்படி பெஞ்சா என்ன பண்ணுவீங்கனு எத்தன பேரு கேட்டோம்? நாம கேக்காத வரைக்கும் அவங்க ரெண்டு பக்கமும் ரிப்பன் வெட்டிட்டுத்தான் இருப்பாங்க.

மன்னாரில இருந்து ஒரு வாசகர்: அண்ணை, எங்கட தீவில இன்னும் காத்தாலை வேண்டாம் எண்டு சொன்னா, வளர்ச்சிக்கு எதிரான ஆக்கள் எண்டு சொல்லுகினம். நாங்கள் சுற்றாடலுக்கு எதிரிகளோ?

இல்ல ஐயா, நிச்சயமா இல்ல. மன்னார் சின்ன தீவு, தாழ்வான நிலம், ஏற்கனவே 30 காத்தாலை 100 மெகாவாட்டுக்கு தென்கரைல நிக்குது. வலசை வர்ற பறவைங்க லட்சக்கணக்குல இறங்கற பாதை அது, மழைத்தண்ணி வடியற வழி அடைபடுதுனு ஊர்க்காரங்க சொல்றாங்க, கடல்ல மீன்பாடு குறையுதுனு மீனவங்க சொல்றாங்க, மணல்ல இருக்கற இல்மனைட்ங்கற தாதுவ தோண்டற பயம் வேற. அதானி கம்பெனி அங்கயும் பூநகரிலயும் போட இருந்த பெரிய திட்டத்துல இருந்து 2025 பிப்ரவரில விலகிருச்சு, அப்புறமும் வேற காத்தாலை வேல வந்து, 2025 ஆகஸ்ட்ல ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க, ஜனாதிபதி ஒரு மாசம் நிறுத்தி வைக்கச் சொன்னாரு.

காத்தாலை நல்லதுனு சொல்ற ஆளு நான், ஆனா காத்தும் நிலமும் ஒரு ஊருது, கரன்ட் கொழும்புக்கு, லாபம் கம்பெனிக்குனா யாரு சும்மா இருப்பாங்க. டென்மார்க்ல கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளிய மிடில்குருண்டன்னு 20 காத்தாலை 2000ல வச்சாங்க, அதுல பாதி எட்டாயிரத்து சொச்சம் சாதாரண ஜனங்க சேர்ந்த கூட்டுறவு சங்கத்துக்கு சொந்தம். 2009ல அந்த நாடு ஒரு சட்டமே போட்டுச்சு, புதுசா காத்தாலை வைக்கறவங்க 20 சதவீத பங்க சுத்துப்பட்டு ஜனங்களுக்கு விக்க முன்வரணும்னு, அது பத்து வருஷத்துக்கு மேல நடைமுறைல இருந்துச்சு. உங்க ஊர்ல அப்படி ஒரு பேச்சையாவது யாராவது எடுத்தாங்களா? இலங்கைல இன்னொரு சிக்கலும் இருக்கு, 2025 சித்திரை புத்தாண்டு லீவுல ஃபேக்டரி எல்லாம் மூடியிருந்ததால கரன்ட் தேவை விழுந்து, கூரைல சோலார் வச்சவங்கள பகல் 3 மணி வரைக்கும் ஆஃப் பண்ணி வைங்கனு கேட்டாங்க. பேட்டரியும் லைனும் போடாம காத்தாலைய மட்டும் கூட்டிட்டே போனா அந்த கரன்ட்ட எங்க கொண்டு வைப்பாங்கனும் கேளுங்க. நீங்க கேக்கற கேள்விதான் இந்த வேலைய ஒழுங்கா செய்ய வைக்கும்.

மதுரைல இருந்து ஒரு ரிடையர்ட் டீச்சர்: எங்க தெருவுல யாருக்கும் இதுல அக்கறை இல்ல சார். நான் ஒருத்தி மட்டும் மாடில சோலார் போட்டு என்ன ஆகப்போகுது? போட்டாலும் கட்டுப்படியாகுமா?

டீச்சர், முதல் பதில்ல ஒரு கணக்கு சொல்றேன்னு சொன்னேன்ல, அது இதுதான். 125 நாட்டுல சுமார் 1,30,000 பேருகிட்ட கேட்டு 2024ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. பூமி சூடாகறத தடுக்க உங்க மாச வருமானத்துல நூத்துல ஒரு பங்கு குடுப்பீங்களானு கேட்டதுக்கு 69 சதவீதம் பேரு குடுப்பேன்னாங்க. உங்க நாட்டுல மத்தவங்க எத்தன பேரு குடுப்பாங்கனு கேட்டா, சராசரியா 43 சதவீதம்னு சொன்னாங்க. அரசாங்கம் இன்னும் செய்யணும்னு சொன்னவங்க 89 சதவீதம். அதாவது உங்கள மாதிரியே உங்க எதிர் வீட்டு அம்மாவும் நாம ஒருத்திதான்னு நெனச்சுக்கிட்டு உக்காந்துருக்க வாய்ப்பு நிறைய. தலைவருங்களும் இதே தப்பு கணக்குதான் போடறாங்க, ஓட்டு போயிடும்னு பயப்படறாங்க. ஒரு வீட்டுல பேனல் ஏறினா அதே தெருவுல அடுத்தடுத்து ஏறுதுனு கலிபோர்னியாவுலயும் கனெக்டிகட்லயும் ஆராய்ச்சி பண்ணி காட்டிருக்காங்க, கண்ணால பாக்கறது, பில்ல வாங்கி பாக்கறது, அவ்வளவுதான் காரணம்.

கட்டுப்படியாகுமானா, உங்க ஈபி கார்ட எடுத்து பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ளதான் ஓடுதுனா அவசரப்படாதீங்க, இலவச யூனிட் போக பில்லு கம்மி, போட்ட காசு திரும்பி வர ரொம்ப நாளாகும். நம்ம ஊர்ல குஜராத், மகாராஷ்டிரா அளவுக்கு கூரை சோலார் ஏறாததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன். 500 யூனிட்ட தாண்டுதுனா யோசிக்கவே வேணாம், தாண்டின உடனே ஆரம்ப யூனிட்டுங்களுக்கு இருந்த கம்மி ரேட்டு போயிடும், மேல ஓடற யூனிட்டுக்கு ரேட்டும் ஏறிரும், சோலார் உங்கள அந்த கோட்டுக்கு கீழ இழுத்துரும். மத்திய அரசோட பி.எம். சூர்ய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபா மானியம், வேல முடிஞ்சு நெட் மீட்டர் (நீங்க ஈபிக்கு குடுக்கறதையும் ஈபில இருந்து எடுக்கறதையும் கணக்கு வைக்கற மீட்டர்) மாட்டினதுக்கு அப்புறம் பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும். ஒரு கிலோவாட்டுக்கு சுமாரா 100 சதுர அடி நெழல் விழாத இடம் வேணும், ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் வரும்.

தண்ணி டேங்க் நெழலும் பக்கத்து வீட்டு தென்ன மர நெழலும் காலைல எங்க விழுது, சாயங்காலம் எங்க விழுதுனு முதல்ல பாத்து வச்சுக்கோங்க, ஒரு ஓரத்துல விழற நெழலே மொத்த வரிசையோட கரன்ட்டையும் கொறைச்சுரும். துணி காய வைக்க, வத்தல் போட மாடி வேணும்னா ஆள் உயரத்துக்கு ஸ்டாண்ட் போடச் சொல்லுங்க, செலவு கொஞ்சம் கூடும். கரன்ட் போனா சாதாரண சோலாரும் சேர்ந்து நின்னுடும், பேட்டரி இருந்தாத்தான் ஓடும், இத சொல்லாமயே வித்துட்டு போறவங்க இருக்காங்க. ரெண்டு மூணு பேருகிட்ட கொட்டேஷன் வாங்குங்க, பேனலுக்கு 25 வருஷம் கேரண்டினு சொல்வாங்க, இன்வெர்ட்டருக்கு எத்தன வருஷம், அது ரிப்பேரானா யாரு வந்து பாப்பாங்கனு எழுத்துல வாங்கிக்கிட்டு அட்வான்ஸ் குடுங்க.